ஏதென்ஸை வரைந்த வழிப்போக்கர்கள்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட ஊர் ஏதென்ஸ். அதைக் கட்டியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரிக்ளீஸ், ஃபீடியஸ், இக்தினோஸ் என்ற பெயர்கள் நம் பாடநூல் வழியாகவே நமக்குப் பழக்கம். நான் பேச வந்தது வேறு ஆட்களைப் பற்றி. வழிப்போக்கர்களாக அந்த ஊருக்கு வந்து, சில நாளோ சில ஆண்டோ தங்கி, காகிதமும் கரிக்கோலுமாகக் கட்டடங்களுக்கு எதிரே நின்றவர்களைப் பற்றி. 1436இல் வந்த ஓர் இத்தாலிய வணிகரில் தொடங்கி 1839இல் புகைப்படப் பெட்டியோடு வந்தவர் வரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகள். அந்த நானூறு ஆண்டுகளில் ஏதென்ஸில் இடிந்தவை ஏராளம். இடிந்தவற்றில் எதை நாம் இன்றும் அறிகிறோம் என்பது, எவர் எந்த நாளில் எதற்கு எதிரே நின்று வரைந்தார் என்பதைப் பொறுத்தே அமைந்துவிட்டது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒலிம்பிய சீயஸ் கோயில் ஏட்ரியன் பேரரசன் காலத்தில் கட்டி முடிந்தபோது அதற்கு 104 தூண்கள். 1436இல் வந்த வணிகர் எண்ணியபோது நின்றவை 21. 1751இல் வந்த ஆங்கிலேயர் இருவர் பார்த்தபோது 17. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஒன்று போயிற்று. துருக்கிய ஆளுநர் தாம் கட்டிய பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு வேண்டி அதைத் தகர்த்தார் என்பது ஊர் வழக்கு. 1852இல் அடித்த புயலில் இன்னொன்று சாய்ந்தது. இன்று 15 நிற்கின்றன; புயலில் சாய்ந்தது, உருளை உருளையாகப் பிரிந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. இந்தக் கணக்கு நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம் வந்தவர்கள் எண்ணினார்கள் என்பது மட்டுமே. ஊரை ஆண்ட எவரும் எண்ணி வைக்கவில்லை.

முதலில் வந்த அந்த வணிகரின் பெயர் சிரியாகோ, அங்கோனா துறைமுகத்துக்காரர். கப்பல் சரக்கு பார்க்கப் போகும் ஊர்களிலெல்லாம் கல்வெட்டுகளைப் படியெடுப்பது அவருக்குப் பழக்கமாகி, பிறகு அதுவே வாழ்க்கையாகிவிட்டது. 1436இலும் 1444இலும் ஏதென்ஸுக்கு வந்தார். அப்போது ஊர் அச்சயோலி என்ற பிளாரன்ஸ் குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. அக்ரோபொலிஸ் குன்றின் பழைய நுழைவாயிலே அவர்கள் அரண்மனை. குன்றின் மேல் அதீனா தேவியின் பழைய கோயிலான பார்த்தெனான் அப்போது மரியன்னையின் தேவாலயம். சிரியாகோ அந்தக் கோயிலின் தூண்களை எண்ணி 58 என்று எழுதினார். வெளிச்சுற்றில் 46, இரு முன்றில்களிலும் ஆறாறு, கணக்குச் சரி. மேற்கு முகப்பையும் வரைந்தார்.

அவர் கைப்பட எழுதிய குறிப்பேடுகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் பெசாரோ நகரில் நூலகம் எரிந்தபோது அழிந்தது. நமக்கு மிஞ்சியவை பெரும்பாலும் பிரதிகள். பிரதி எடுத்தவர்களில் ஒருவர் ஜூலியானோ தா சாங்காலோ, பெரிய கட்டடக் கலைஞர். அவர் கைக்குப் போனதும் பார்த்தெனான் உரோமாபுரியின் சாயலுக்கு மாறிவிட்டது. ஏதென்ஸைப் பார்த்திராத அவருக்கு, பழங்காலக் கோயில் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததை வரைந்தார். இந்த ஒன்றைத்தான் இன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் பேசப் போகிறேன்: கண்முன் இருப்பதை வரைவது, மனத்துக்குள் இருப்பதை வரைவது.

ஆனால் சிரியாகோவின் கல்வெட்டுப் படிகள் வேறு வகை. அக்ரோபொலிஸுக்குத் தென்மேற்கே ஒரு குன்றின் உச்சியில், கொம்மஜீன் அரச வம்சத்து பிலோபாப்போஸ் என்பவரின் நினைவுச் சின்னம் உள்ளது, கி.பி. 2ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தது. இன்று அதன் வலப்பக்கம் இல்லை. அங்கே அமர்ந்திருந்த உருவம் செலூக்கஸ் நிக்கேட்டர் என்று நமக்குத் தெரியும். தெரிவது சிரியாகோ எழுதி வைத்ததால். செலூக்கஸ் என்றால் நம் வரலாற்றில் சந்திரகுப்த மௌரியரோடு உடன்படிக்கை செய்தவரே. எழுத்தை எழுத்தாகப் படியெடுக்கும்போது கற்பனைக்கு இடமில்லை. அதனால் அது நின்றது.

1456இல் ஏதென்ஸ் உதுமானியர் வசமாயிற்று. இரண்டு ஆண்டில் கோட்டையும் விழுந்தது. பார்த்தெனான் பள்ளிவாசலாகி, தென்மேற்கு மூலையில் ஒரு மினாரும் எழுந்தது. 17ஆம் நூற்றாண்டில் எவ்லியா செலபி என்ற துருக்கிய யாத்திரிகர் அங்கு வந்து, அந்தப் பள்ளிவாசலின் பளிங்கையும் சிற்பங்களையும் கண்டு வியந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஐரோப்பியர்கள்தான் கிரேக்கக் கலையைக் கண்டுகொண்டார்கள் என்று எழுதும் நூல்கள் அவரை விட்டுவிடுவது எனக்கு வருத்தம். அதைத் தம் தொழுகை இடமாகவே பார்த்து நேசித்த ஒருவரின் எழுத்து அது.

இனி 1674. பிரெஞ்சு மன்னரின் தூதராகக் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த மார்க்கி த நுவான்தெல் அந்த நவம்பரில் ஏதென்ஸுக்கு வந்தார். கூட ஓர் ஓவியர். ஜாக் காரே என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இப்போது ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை, பெயர் தெரியாத ஒரு பிளெமிஷ் ஓவியர் என்கிறார்கள். நான் அவரைப் பெயரில்லாதவர் என்றே சொல்கிறேன். அந்த மனிதர் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். கோட்டைக்குள் போக அனுமதி உண்டு, சாரம் கட்ட அனுமதியில்லை. தரையில் நின்று கழுத்தை நிமிர்த்தி, பத்து மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருந்த சிற்பங்களைச் சிவப்புச் சுண்ணக்கட்டியாலும் கறுப்புச் சுண்ணக்கட்டியாலும் வரைய வேண்டும். உட்சுவரின் உச்சியில் ஓடிய சிற்பப் பட்டைக்கு நேர் வெளிச்சமே கிடையாது. தளத்துப் பளிங்கில் பட்டு மேலேறும் ஒளிதான். குதிரை வீரர்களும், பலிக்கு ஓட்டிச் செல்லும் மாடுகளும், குடம் சுமப்பவர்களும் வரிசையாகப் போகும் பட்டை அது, மொத்தம் 160 மீட்டர். அதில் பெரும்பகுதியையும், மேற்கு, கிழக்கு முகப்பு முக்கோணங்களில் எஞ்சியிருந்த சிலைகளையும், தென்புறத்துச் சதுரப் பலகைகள் 32ஐயும் அவர் வரைந்தார். மொத்தம் சில வாரங்களுக்குள்.

அந்தப் படங்கள் அழகானவை அல்ல. கோடுகள் அவசரமானவை, உடல்களில் அந்த நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியச் சாயல் லேசாக ஏறியிருக்கிறது. ஆனால் தலையில்லாத சிலையைத் தலையில்லாமலே வரைந்தார். கை ஒடிந்த இடத்தில் ஒடிவைக் காட்டினார். கிழக்கு முக்கோணத்தின் நடுப்பகுதி, தேவாலயமாக மாற்றிய காலத்திலேயே போயிருந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டார். என்ன கதை அது, எந்தத் தெய்வம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததாகவே தோன்றவில்லை. தெரியாதது நமக்கு எவ்வளவு பெரிய நன்மை!

தெரிந்தவர்கள் இரண்டு ஆண்டில் வந்தார்கள். லியோன் நகரத்து மருத்துவர் ஜாக்கோப் ஸ்போனும், ஜார்ஜ் வீலர் என்ற ஆங்கிலேயரும் 1676இல் வந்தார்கள். பழங்கால யாத்திரிகர் பௌசானியஸின் நூலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் அடையாளம் கண்டார்கள். ஸ்போன் நேர்மையான அறிஞர். அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் பாருங்கள்: வாயிலுக்கு மேலே அதீனாவின் பிறப்பு செதுக்கப்பட்டுள்ளது என்று பௌசானியஸ் சொல்கிறார். குன்றின் மேல் ஏறுகிறவருக்கு முதலில் தெரிவது மேற்கு முகப்பு. அதுவே வாயில் என்று கொண்டு, அங்கிருந்த சிலைகளில் அதீனாவின் பிறப்பைப் படித்துவிட்டார்கள். உண்மையில் வாயில் கிழக்கே. மேற்கில் இருந்தது அதீனாவுக்கும் பொசைடனுக்கும் நடந்த போட்டி. அங்கே அமர்ந்திருந்த ஓர் ஆண், ஒரு பெண் உருவங்களை ஏட்ரியன் பேரரசனும் அவன் மனைவி சபீனாவும் என்று வேறு எழுதினார்கள். நூல் சொன்னது கண்ணை மறைத்தது. பெயரில்லாதவர் வரைந்த படத்தை எதிரே வைத்துப் பிற்காலத்தார் சரியாகப் படிக்க முடிந்தது.

அதே ஸ்போன்தான் இன்னொரு பக்கத்தில் மெய்யைக் காத்தவரும். அவர் வருவதற்குச் சற்று முன், 1675இல், பாரிஸில் கியே என்பவர் ஏதென்ஸைப் பற்றி ஒரு பயண நூல் வெளியிட்டார். தம் சகோதரர் நேரில் போய்ப் பார்த்து எழுதியதாகச் சொன்னார். நூல் நன்றாக விற்றது. ஸ்போன் அந்த நூலை ஏதென்ஸுக்கே எடுத்துப்போய்த் தெருத் தெருவாக ஒப்பிட்டார். 1678இல் தம் நூலில் பிழைகளைச் சுட்டினார். கியே மறுப்பு எழுத, ஸ்போன் அதற்கும் பதில் எழுதினார். கியே ஏதென்ஸில் கால் வைத்ததே இல்லை. அங்கிருந்த கப்பூச்சின் துறவிகளிடமிருந்து கிடைத்த தகவல்களை வைத்து வீட்டிலிருந்தபடியே எழுதியிருந்தார். அந்தத் துறவிகள் 1669இல் லைசிக்ரட்டீஸ் நினைவுச் சின்னத்தை விலைக்கு வாங்கித் தங்கள் மடத்துக்குள் வைத்துக்கொண்டவர்கள். கி.மு. 335இல் பாடற்குழுப் போட்டியில் வென்ற பரிசுக்காக எழுப்பிய அந்தச் சின்ன வட்டக் கட்டடம் மடத்து நூலகமாகப் பயன்பட்டது. அதனாலேயே அது இன்று நிற்கிறது.

ஸ்போனும் வீலரும் கோட்டை வாயிலருகே நைக்கி தேவதையின் சிறு கோயிலைப் பார்த்து எழுதிவிட்டுப் போனார்கள். பத்தே ஆண்டில், வெனிசியப் படை வருகிறது என்று தெரிந்ததும், துருக்கியர் அதைப் பிரித்துப் பீரங்கி மேடை கட்டினார்கள். அடுத்து நூற்றைம்பது ஆண்டு அந்தக் கோயில் யார் கண்ணிலும் படவில்லை. 1830களில் பீரங்கி மேடையைப் பிரித்தபோது அதே கற்கள் உள்ளே கிடந்தன. மீண்டும் எடுத்துக் கட்டினார்கள்.

1687 செப்டம்பர் 26. மொரோசினி தலைமையிலான வெனிசியப் படை, பிலோபாப்போஸ் குன்றிலிருந்து எறிந்த குண்டு பார்த்தெனானின் கூரையில் விழுந்தது. உள்ளே வெடிமருந்து. நம்பிக்கைக்குரிய அடைக்கலம் என்று எண்ணி உள்ளே ஒதுங்கியிருந்த பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். தெற்கே ஆறு தூண், வடக்கே எட்டுத் தூண், கருவறைச் சுவர்கள், கூரை எல்லாம் போயின. பிறகு மேற்கு முக்கோணத்திலிருந்து குதிரைச் சிலைகளை வெனிசுக்குக் கொண்டுபோக மொரோசினி இறக்கச் சொன்னார். கயிறு அறுந்து அவை பாறையில் விழுந்து நொறுங்கின. மறு ஆண்டே படை ஊரை விட்டுப் போய்விட்டது.

பெயரில்லாதவர் வரைந்து பதின்மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. தென்புறத்துப் பலகைகளில் நடுவே இருந்தவை, 13 முதல் 20 வரை எண்ணிட்டவை, சில துண்டுகள் நீங்கலாக அன்று அழிந்தன. மற்றப் பலகைகளில் குதிரை உடல் மனிதர்களோடு சண்டை. இந்த எட்டில் மட்டும் வேறேதோ கதை. என்ன கதை என்று இன்றும் ஆய்வாளர் வாதாடுகிறார்கள். வாதாடுவதற்கு அவர்கள் கையில் இருப்பது பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள அந்தச் சுண்ணக்கட்டிக் கோடுகள் மட்டுமே. பொருள் புரிந்து, தனக்குத் தெரிந்த கதையாக அவர் அதைத் திருத்தி வரைந்திருந்தால் இன்று நமக்கு ஒன்றும் மிஞ்சியிராது.

இனி, என் மனத்துக்கு மிக நெருங்கிய இருவரிடம் வருகிறேன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், நிக்கலஸ் ரெவெட். ஸ்டூவர்ட் இலண்டன் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. விசிறிகளில் படம் தீட்டிப் பிழைத்தவர். உரோமாபுரியில் ரெவெட்டோடு நட்பாகி, 1748இல் இருவரும் ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டார்கள்: ஏதென்ஸின் கட்டடங்களை அளந்து வரைந்து நூலாக்குவோம் என்று. 1751 மார்ச்சில் ஊர் வந்து சேர்ந்தார்கள். 1753 வரை இருந்தார்கள். ரெவெட் அளந்தார், ஸ்டூவர்ட் காட்சிகளைத் தீட்டினார். துல்லியமாகக் கூறு பிரித்த பித்தளை அளவுகோல் அவர்கள் கையில் இருந்தது. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளவுகளை எழுதினார்கள். மண் மூடிய அடித்தளங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். நம் ஸ்தபதிகள் முழக்கோலை வைத்து வழிபட்ட பிறகே வேலை தொடங்குவார்கள். அந்தப் பித்தளைக் கோலிடம் இந்த இருவருக்கும் இருந்ததும் அத்தகைய மரியாதைதான்.

ஆனால் நான் ஸ்டூவர்ட்டை விரும்புவது அளவுகளுக்காக மட்டும் அல்ல. அக்ரோபொலிஸ் மேலுள்ள எரெக்தியான் கோயிலின் பெண்சிலைத் தூண்களை வரையும்போது, அங்கிருந்த தோட்டத்தையும் சுவரையும் ஆட்களையும் விடாமல் வரைந்தார். நீண்ட புகைக்குழலோடு நிற்பவர் கோட்டைக் காவல் தலைவர், திஸ்தார் ஆகா. மருமகன் தோளில் சாய்ந்திருக்கிறார். கீழே கூலியாட்கள் அடித்தளத்தைத் தோண்டுகிறார்கள். கட்டடத்துக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளவும், புதையல் ஏதும் எடுத்தால் தமக்குத் தெரியாமல் போகக்கூடாது என்றும் அவர் அடிக்கடி வந்து பார்ப்பார் என்று ஸ்டூவர்ட் எழுதுகிறார். எட்டுப் பக்கங்களில் எட்டுக் காற்றுத் தெய்வங்கள் செதுக்கிய காற்றுக் கோபுரம் அப்போது தர்வேஷ்களின் மடம். அந்தக் கோபுரத்தையும் வரைந்தார். வெறும் கட்டடத்தை மட்டும் வரைந்திருக்கலாம்; வாங்குபவர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஊரில் இருந்ததை இருந்தபடி வைத்தார்.

அவர்கள் நூல் தாமதமாகிக்கொண்டே போனது. இடையில் பிரெஞ்சுக்காரர் ழூலியன் தாவிட் லெ ருவா 1755இல் மூன்று மாதம்கூடத் தங்காமல் ஏதென்ஸைப் பார்த்துவிட்டு, 1758இலேயே பெரிய நூலொன்றை வெளியிட்டார். பிரமாதமான தகடுகள், நீண்ட நிழல்கள், உடைந்த கல்லின் மேல் செடிகொடிகள். ஸ்டூவர்ட் கொதித்தார். 1762இல் வந்த தம் முதல் தொகுதியின் பக்கங்களில் கணிசமானவற்றை லெ ருவாவின் பிழைகளைக் காட்டவே செலவிட்டார். லெ ருவாவோ, அளவெடுப்பது மட்டுமே தம் நோக்கமன்று என்று பதில் சொன்னார். தூண்வரிசையின் ஓரமாக நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் காட்சி எப்படி மாறுகிறது, ஒளி எப்படி விழுகிறது என்பதைப் பற்றி அவர் எழுதியவை நல்ல பக்கங்கள். நம் கோயில் பிரகாரங்களில் நடந்தவர்களுக்கு அவர் சொல்வது உடனே விளங்கும். ஆனாலும் இந்த வழக்கில் நான் ஸ்டூவர்ட் பக்கம். நடக்கும் அனுபவம் கட்டடம் இருக்கும் வரை எவருக்கும் கிடைக்கும். கட்டடம் போன பிறகு உதவுவது அளவு.

இலிஸோஸ் ஆற்றங்கரைக் கோயிலைப் பாருங்கள். முன்னும் பின்னும் நான்கு நான்கு தூண்கள் கொண்ட அழகிய சிறு அயோனியக் கோயில். பிற்காலத்தில் தேவாலயமாகிப் பின் கைவிடப்பட்டது. ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் முதல் தொகுதியில் அதைத் தூண் தலை வரை, அடித்தளத்தின் ஒவ்வொரு வளைவு வரை அளந்து கொடுத்தார்கள். 1778இல் ஹாஜி அலி ஹசெகி என்ற ஆளுநர், கொள்ளைக்கூட்டத்திலிருந்து ஊரைக் காக்க அவசரமாக மதில் எழுப்பியபோது அதன் கற்கள் முழுதும் மதிலுக்குப் போயின. ஏட்ரியனின் நீர்த்தேக்கத்து முகப்பும் அப்போதே போயிற்று. அதன் எழுத்து பொறித்த உத்திரக்கல்லில் ஒரு பாதி இன்று ஏதென்ஸ் தேசியப் பூங்காவில் கிடக்கிறது. இலிஸோஸ் கோயிலை நாம் இன்று அறிவது அந்த நூலின் தகடுகளில்தான்.

அந்த நூல் வேறு எங்கெங்கோ கட்டடங்களாகவும் முளைத்தது. அது கிளப்பிய கிரேக்க மோகம் இங்கிலாந்தைத் தாண்டி நம் கடற்கரைக்கும் வந்தது. 1800க்கும் 1802க்கும் இடையில் கோல்டிங்ஹாம் கட்டிய சென்னை ராஜாஜி மண்டபம், உயர்ந்த மேடையும் சுற்றித் தூண்களுமாகக் கிரேக்கக் கோயில் வடிவில் நிற்பதை இங்குள்ளோர் பலரும் பார்த்திருப்பீர்கள்.

ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் அளந்தவர்களும் ஒன்றைத் தவறவிட்டார்கள். பார்த்தெனானின் தூண்கள் நடுவில் மெல்லப் புடைத்தவை. அடித்தளம் நடுவில் உயர்ந்து வளைந்தது, எழுபது மீட்டர் நீளப் பக்கத்தில் பதினோரு சென்டிமீட்டர் போல. நேர்கோடு என்று கொண்டதால் நடுவில் அளக்க அவர்களுக்குத் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன். தூணின் புடைப்பை 1810களில் காக்கரெல் கண்டார். அடித்தள வளைவை 1840களில் பென்ரோஸ் முறையாக அளந்து நிறுவினார். கையில் எவ்வளவு நுட்பமான கோல் இருந்தாலும், இங்கே அளக்க வேண்டும் என்று கண் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1801இலும் 1805இலும் வந்த எட்வர்ட் டாட்வெல் கையில் புதிய கருவி ஒன்று: இருட்டுப் பெட்டி, காமிரா அப்ஸ்குரா. துளை வழியாக வரும் காட்சி காகிதத்தில் விழும். அதன் மேலேயே வரைந்துகொள்ளலாம். 1792இல் நம் தென்னாட்டுக்கு வந்து மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையை வரைந்த ஆங்கிலேய ஓவியர்கள் டேனியல்களும் இத்தகைய பெட்டியைப் பயன்படுத்தியவர்களே. டாட்வெல் அக்ரோபொலிஸில் வேலை செய்தபோது அந்நாளைய திஸ்தார் வந்து, இது என்ன வித்தை என்று கேட்டார். எட்டிப் பார்க்கச் சொன்னார் டாட்வெல். அந்த நேரம் பார்த்துச் சில படைவீரர்கள் எதிரே நடந்துபோக, காகிதத்தின் மேல் அவர்கள் உருவம் நடந்தது. திஸ்தார் நடுங்கிப்போனார். வேண்டுமானால் பழைய கோயிலையும் கோட்டைக் கற்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், என் ஆட்களை மட்டும் உங்கள் பெட்டிக்குள் அடைக்க விடமாட்டேன் என்றாராம். என்னைத் தொந்தரவு செய்தால் உங்களையே உள்ளே போட்டுவிடுவேன் என்று டாட்வெல் மிரட்ட, அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

டாட்வெல் இதைச் சிரிப்புக்காகச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் அஞ்சியதில் அர்த்தம் இருந்தது. படம் எடுப்பதற்கும் பொருளை எடுப்பதற்கும் இடையில் அந்த ஆண்டுகளில் ஏதென்ஸில் எவ்வளவு குறைந்த தூரம் இருந்தது என்பதை எல்ஜின் பிரபுவின் கதை காட்டுகிறது.

எல்ஜின் 1799இல் பிரித்தானியத் தூதராகக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்தார். அவர் ஏதென்ஸுக்கு அனுப்பியது ஓவியர்களையும் அச்சு வார்ப்பவர்களையும். தலைமை ஓவியர் லுசியேரி, இத்தாலியர். திறந்தவெளியில் அமர்ந்து, இலையிலை, கல்கல்லாகத் தீட்டும் பொறுமைசாலி. 1801இல் கிடைத்த உத்தரவு இன்று இத்தாலிய மொழிபெயர்ப்பாகவே உள்ளது. வரைய, சாரம் கட்ட, அச்செடுக்க, தோண்ட அனுமதி. கூடவே கல் துண்டுகள் சிலவற்றைப் பற்றி ஒரு தொடர். அந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டு ஜூலை 31 அன்று முதல் பலகையைக் கழற்றினார்கள். வரைவதற்காகக் கட்டிய சாரம் கழற்றுவதற்குப் பயன்பட்டது. பலகைகளை எடுக்க மேலிருந்த கொடுங்கைக் கற்களை உடைத்தார்கள். பட்டைக் கற்களின் பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து எடை குறைத்தார்கள். டாட்வெல் அங்கே நின்று பார்த்து மனம் நொந்து எழுதியிருக்கிறார். கிளார்க் என்ற இன்னொரு பயணி, ஒரு பலகை இறங்கும்போது கற்கள் சரிந்து விழக் கண்ட திஸ்தார் புகைக்குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணீர் விட்டார் என்று பதிவு செய்கிறார். படங்களில் ஓரத்தில் நிற்கும் புகைக்குழல்காரர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தை இந்த ஒரு வரி மாற்ற வேண்டும்.

1816இல் 35,000 பவுண்டுக்குப் பிரித்தானிய அரசு அவற்றை வாங்கிக்கொண்டது. வரைய வந்த லுசியேரி இருபது ஆண்டு ஏதென்ஸில் இருந்து, பெட்டி கட்டுவதிலும் கப்பல் தேடுவதிலும் காலத்தைக் கழித்து 1821இல் இறந்தார். அவர் வரைந்து வைத்திருந்த ஏதென்ஸ் படங்களை ஏற்றிச் சென்ற கேம்பிரியன் என்ற கப்பல் 1828இல் கிரீட் தீவருகே மூழ்கியது. எதற்காக அவரை அழைத்து வந்தார்களோ அந்த வேலை ஏறக்குறைய முழுதும் கடலில் போயிற்று. ஏதென்ஸின் கதையில் என்னை மிகவும் வருத்துவது இது.

கிரேக்க விடுதலைப் போருக்குப் பின், 1833இல் துருக்கியர் படை குன்றை விட்டு இறங்கியது. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றிப் பேச நேரம் குறைவு, ஆனால் சொல்லாமல் விட முடியாது. விடுதலை பெற்ற நாடு, பெரிக்ளீஸ் காலத்துக்குப் பிந்தியவற்றை அக்ரோபொலிஸிலிருந்து ஒவ்வொன்றாக அகற்றியது. வீடுகள், தோட்டங்கள், வெடிப்புக்குப் பின் பார்த்தெனானின் நடுவே கட்டிய சிறிய பள்ளிவாசல், 1875இல் அகழ்வாய்வாளர் ஷ்லீமன் பணம் கொடுத்து இடிக்கச் செய்த இடைக்காலக் கோபுரம். 1890 வாக்கில் பாறை வரை சுரண்டியாயிற்று. இரண்டாயிரம் ஆண்டு மக்கள் வாழ்ந்த குன்றில் சில பத்தாண்டுக் காலம் மட்டும் மிஞ்சியது. அந்த உணர்வை நான் புரிந்துகொள்கிறேன். அடிமைப்பட்ட நாடு தன் முகத்தைத் தேடியது. என்றாலும் இழப்பு இழப்புதான்.

அந்த இழப்பில் நமக்கு மீந்திருப்பது மறுபடியும் வழிப்போக்கர்கள் வரைந்ததே. ஸ்டூவர்ட்டின் திஸ்தார், டாட்வெல் வரைந்த கோட்டை வீடுகள், கூரை ஓடுகள், தொழுகைக்குப் போகிறவர்கள். 1839 அக்டோபரில் ழோலி த லொத்பினியேர் டகேரோ என்ற தொடக்ககாலப் புகைப்படக் கருவியோடு வந்து எடுத்த படத்தில், உடைந்த தூண்களுக்கு நடுவே அந்தச் சிறு பள்ளிவாசல் குவிமாடத்தோடு தெரிகிறது. அதைப் பார்த்துச் செதுக்கிய தகடு பாரிஸில் அச்சாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிவாசல் இல்லை.

நம் காலத்தில் இந்தப் படங்கள் அருங்காட்சியகத்தில் தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்ரோபொலிஸின் தென்சரிவில், தியோனிசஸ் அரங்குக்கு மேலே, பாறைக் குகையின் முன் திராசில்லோஸ் நினைவுச் சின்னம் இருந்தது, கி.மு. 320ஐ ஒட்டியது. அதன் உச்சியில் இருந்த சிலையை எல்ஜின் கொண்டுபோனார். விடுதலைப் போரின் 1827 முற்றுகையில் குண்டு பட்டு முகப்பு சரிந்தது. இந்த நூற்றாண்டில் அதை மீண்டும் நிறுத்த முனைந்த கிரேக்கப் பொறியாளர்கள், சிதறிய கற்களைச் சேர்த்தபோது ஒப்பிட்டுப் பார்க்கப் பிரித்து வைத்தது ஸ்டூவர்ட்–ரெவெட் நூலின் தகடுகளை. எந்தக் கல் எந்தத் தூணின் மேல், எத்தனை அங்குலம் வெளியே நீளும் என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்த வேலைக்கான வரைபடங்களும் ஒளிப்படங்களும் என்னிடம் உள்ளன. கட்டடக்கலை மாணவர்கள் விரும்பினால், உரை முடிந்ததும் மேசையருகே வாருங்கள். இலிஸோஸ் கோயிலின் அளவுத் தகட்டையும் சேர்த்து விரித்து வைக்கிறேன், பக்கத்தில் அமர்ந்து பார்ப்போம்.